தப்பாகக் கட்டும் உரிமை

சித்தன்னவாசல் அறிவர் கோயிலுக்குள் அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தெரியும். மீனும் வாத்தும் எருமையும் யானையும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் அந்தக் குளத்தில் ஆண்கள் மூவர் பூப்பறிக்கிறார்கள். ஒருவர் ஒரு கையால் தாமரையைக் கொய்கிறார். மறு கையில் பூக்கூடை தொங்குகிறது. காது நீண்டு வளர்ந்திருக்கிறது, தலைமுடி அக்கறையாகச் சீவப்பட்டிருக்கிறது. உடை என்று பார்த்தால் கோவணம், அவ்வளவுதான். ஸ்காட்லாந்துக்காரரின் கில்ட்டைக் கண்டதும் உலகமே குறும்பாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உள்ளே என்ன? பாண்டியர் காலத்து ஓவியர் மேல்துணியையே எடுத்துவிட்டு, 9-ஆம் நூற்றாண்டிலேயே நம் தரப்பு பதிலை வரைந்து வைத்துவிட்டார்.

கில்ட் மரபு என்கிறோம். 1985-இல் பாரிஸ் மேடையில் ஆடை வடிவமைப்பாளர் ழான் பால் கோத்தியே ஆண்களுக்கு உடுத்திவிட்ட ஸ்கர்ட்டை ஃபேஷன் என்கிறோம். இரண்டும் இடுப்பில் நிற்கின்றன, இரண்டுக்கும் கால் பிரியவில்லை, இரண்டிலும் காற்று தாராளம். பிறகு எங்கே வித்தியாசம்? இந்த வழக்கை விசாரிக்கத் தமிழனைவிடத் தகுதியான நீதிபதி கிடையாது. கால் பிரியாத துணியில் கல்யாணம் பண்ணி, ஓட்டுக் கேட்டு, தேர் இழுத்து, சண்டையும் போட்டவன் அவன்.

பழமைதான் வித்தியாசம் என்பார்கள். அப்படியானால் சித்தன்னவாசல் கோவணத்துக்கே முதல் பரிசு. அதைக் கட்டிக்கொண்டு வரவேற்பு மேடையில் மொய்க்கவர் நீட்ட யாராவது தயாரா? கில்ட்டின் ஜாதகமும் அவ்வளவு பழையதல்ல. ஆதியில் இருந்தது தைக்காத நீளத் துணி. அதை மடிப்பு மடிப்பாகச் சேர்த்து இடுப்பில் வார் கட்டி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். மேல்பாதியை நறுக்கிவிட்டு இன்றைய குட்டைக் கில்ட்டைச் செய்தவர் தாமஸ் ராலின்சன் என்ற இங்கிலாந்து இரும்பாலை முதலாளி, காலம் 1720-களை ஒட்டி என்று வரலாற்றாசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர் வாதிட்டார். ஸ்காட்லாந்துக்காரர்கள் இதைக் கேட்டால் கொதிப்பார்கள், அது வேறு விஷயம். 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வால்டர் ஸ்காட் என்ற நாவலாசிரியர் ஏற்பாடு செய்த கோலாகலத்தில்தான் அது தேசிய உடையாக முடிசூட்டிக்கொண்டது.

துணியும் வித்தியாசமல்ல. 1998-இல் உலகக் கோப்பைக்கு முன்பு பிரான்ஸில் கால்பந்து வீரர் டேவிட் பெக்கம் சாரம் கட்டிக்கொண்டு போனார். அதுவும் கோத்தியே சரக்குதான். பிரிட்டிஷ் பத்திரிகைகள் திகைத்துப்போயின. அதே பொழுதில் யாழ்ப்பாணத்திலும் அன்னவாசலிலும் எத்தனையோ பேர் அதையே கட்டிக்கொண்டு கொல்லைப்புறத்துக்குப் போயிருப்பார்கள். எந்தப் பத்திரிகையும் படம் பிடிக்கவில்லை. ஒரே துணி, ஒரே இடுப்பு. ஆனால் பெக்கமிடம், "தம்பி, முடிச்சு சரியில்லை, அவிழ்ந்துடும்" என்று சொல்ல அங்கே ஒருவர்கூட இல்லை. என் கட்சி இதுதான்: தப்பாகக் கட்ட முடிந்தால் அது மரபு. எப்படி மாட்டினாலும் சரி என்றால் அது ஃபேஷன்.

கில்ட்டைப் பாருங்கள். கொசுவம் முழுக்கப் பின்பக்கம், முன்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். மண்டியிட்டால் விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ஊசியை மேல்மடிப்பில் மட்டும் குத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் துணி இழுபட்டுத் தொங்கும், பார்க்கிற பெரியவர் உச்சுக்கொட்டுவார். வேட்டிக்கும் இதே பஞ்சாயத்துதான். நாலு முழமா எட்டு முழமா, கரை நேராக இறங்குகிறதா, கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதா என்று பார்க்க வீட்டுக்கு ஒரு தாத்தா. தெருவில் மடித்துக் கட்டலாம்; எதிரே பெரியவர் வந்தால் இறக்கிவிட வேண்டும். ஒரு சுண்டலில் ஒரு வணக்கத்தையே சொல்லிவிடும் இந்த வசதி எந்த ஸ்கர்ட்டிலும் கிடையாது.

ஊரார் மூக்கை நுழைப்பதற்கு மரபு என்று பெயர் சூட்டுகிறாயே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒடுக்கப்பட்டவர்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று கட்டுப்பாடு போட்ட ஊர்களும் இந்த மண்ணில் இருந்தன. அங்கே திருத்தவந்தது தாத்தா அல்ல, அதிகாரம். பொருட்டில்லாத துணிமேல் யாரும் அதிகாரத்தைச் செலவழிப்பதில்லை என்பதை மட்டும் கசப்போடு குறித்துக்கொள்ளலாம். 1746-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கில்ட் உள்ளிட்ட ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையைத் தடைசெய்தது: முதல் தடவை ஆறு மாதச் சிறை, மறுபடி கட்டினால் ஏழு வருடம் நாடுகடத்தல். அது 1782 வரை நீடித்தது. 2014-இல் சென்னை சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் கிளப் வேட்டி கட்டிவந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் கூடி, வேட்டியைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் போட்டது. அங்கே கட்டியவன் உள்ளே, இங்கே தடுத்தவன் உள்ளே. கோத்தியேயின் ஸ்கர்ட்டுக்காக எந்தச் சட்டமன்றமும் கூடியதாகத் தெரியவில்லை. கைலியோடு போய்க் கிளப் வாசலில் சட்டத்தைச் சோதித்துப் பார்க்கும் துணிவு யாருக்காவது இருந்தால் அவருக்கு என் வாழ்த்துகள்.

அப்படியானால் ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி? வெல்க்ரோ பட்டையும் பாக்கெட்டும் வந்த பிறகு அதைத் தப்பாகக் கட்டவே முடியாதே, என் கணக்குப்படி அது ஸ்கர்ட்தானே என்று மடக்கலாம். நியாயமான மடக்குதான். ஆனால் கில்ட்டும் இதே வழியில்தான் வந்தது: 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மடிப்புகளைத் தைத்தார்கள், பிறகு வாரும் பக்கிளும் வைத்தார்கள், குடி முழுகவில்லை. வெல்க்ரோ இடுப்பை மட்டுமே காப்பாற்றுகிறது. கரை கோணினால் கோணல்தான். மடித்துக் கட்டியதை இறக்காமல் மாமனார் முன்னால் நின்றால் எந்தப் பட்டையும் வந்து காப்பாற்றாது.

ஆண்கள் ஸ்கர்ட்டுக்கும் கதவு அடைபடவில்லை. ராலின்சனிலிருந்து எடின்பரோ கோலாகலம் வரை கில்ட்டுக்கு ஏறக்குறைய நூறு வருடம் ஆயிற்று. அதே கணக்கில் கோத்தியே சரக்குக்கு 2085 வரை தவணை இருக்கிறது. அதற்குள் ஏதாவதொரு கல்யாண மண்டப வாசலில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் ஓர் இளைஞனை ஓரமாகக் கூப்பிட்டு, "ஜிப் பக்கவாட்டுல வரணும்ப்பா, எங்க காலத்துல இப்படியா போட்டோம்" என்று அலுத்துக்கொள்ள வேண்டும்.