அம்பத்திரெண்டுல ஒரு முனகல்

அவர் காரில் ஏறினால் பேசக் கூடாது. துக்கம் கேட்கப் போகிற வண்டியாக இருந்தாலும் சரி, நிச்சயதார்த்தத்துக்குத் தட்டுகளோடு போகிற வண்டியாக இருந்தாலும் சரி, திருமானூர் கடைத்தெருவைத் தாண்டியதும் ஸ்டீரிங்கை விட்டு ஒரு கை மேலே எழும். "உஷ்!" எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். முள் நாற்பத்தைந்தைத் தாண்டும். ஐம்பதைத் தொடும். "இப்ப... இந்தா, அம்பத்திரெண்டு... கேக்குதா?"

பழைய அம்பாசிடர் வைத்திருக்கும் பெரியப்பாக்களைப் பற்றிப் பொதுவாகத்தான் சொல்கிறேன். குறிப்பாக யாரையும் மனதில் வைத்து அல்ல.

"கேக்குதா?" என்பதற்கு இரண்டே பதில்தான் உண்டு, இரண்டுமே தப்பு. "கேக்குது பெரியப்பா" என்றால் முகம் விழுந்துவிடும். வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். பந்தியில் நமக்கு இலை போட்டு எடுத்திருப்பார்கள். "கேக்கல பெரியப்பா" என்றால் இன்னும் மோசம். "ஒனக்குக் காது போச்சுடா. எந்நேரமும் அந்த ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு இருந்தா எப்புடிக் கேக்கும்?" பிறகு நமக்குக் கேட்கிற வரைக்கும் அதே நேர்ரோட்டில் போவதும் வருவதுமாக இருக்க வேண்டும். கெட்டிக்கார மச்சான் ஒருவர், "கேட்ட மாதிரியும் இருக்கு, கேக்காத மாதிரியும் இருக்கு" என்று நழுவப் பார்த்தார். அவருக்குக் கீழப்பழுவூர் வரைக்கும் பாடம் நடந்தது.

அந்தப் பாடம் எனக்கு மனப்பாடம். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். நிமிஷத்துக்கு 2,000 சுற்று என்றால் வினாடிக்குச் சுமார் 67 வெடி. அந்த அதிர்வு எஞ்சின் மவுண்டிங் வழியாகவும் சைலன்சர் குழாய் வழியாகவும் பாடிக்கு இறங்கும். தகடும் உள்ளே இருக்கிற காற்றும் அதே கணக்கில் ஆடக்கூடியவையாக இருந்துவிட்டால் ஒன்றுக்கொன்று தாளம் போட்டு முழக்கமாகிவிடும். வேகத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ தாளம் தப்பி அடங்கிவிடும். அதனால்தான் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் முனகுகிறது. அந்தச் சத்தத்தின் ஒரு அலை மட்டும் 5 மீட்டர் நீளம், அம்பாசிடரே 4.3 மீட்டர்தான். "வண்டியவிட சத்தம் பெருசுடா" என்று முடிப்பார். வருத்தமா பெருமையா என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது.

சாட்சி சொல்வதோடு நம் வேலை முடியாது. மார்க் 4-ல் முன்சீட்டு ஒரே பெஞ்சு, கியர் ஸ்டீரிங்குக்கு அடியில். அதனால் முன்னால் அவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம், இரண்டு பேருக்கும் வேலை கொடுக்கலாம். "நீ டேஷ்போர்டை அமுக்கிப் புடி. நீ கதவுல முட்டி வை. சின்னவனே, பின்சீட்டுல காத வச்சுப் படு." யார் எதை அமுக்கும்போது முனகல் குறைகிறதோ அங்கேதான் குறை இருப்பதாகக் கணக்கு. வழியில் மளிகைக்கடைக்காரரைப் பார்த்தால் வலிய ஏற்றிக்கொள்வார். பாசத்தால் அல்ல. மனிதர் நூறு கிலோவுக்குக் குறையமாட்டார். பின்னால் பாரம் ஏறினால் அச்சு மேலே வந்து சைலன்சர் குழாயில் இடிக்கிறதா என்று பார்க்க அவரைவிடத் தோதான ஆள் கடைத்தெருவில் கிடையாது.

இந்தச் சோதனைக்கு அமைதி வேண்டும். அரியலூர் மாவட்டத்தில் அமைதிக்கு எங்கே போவது? சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் தஞ்சாவூர் ரோட்டில் இரவு பகல் பார்ப்பதில்லை. சரியாக ஐம்பத்திரெண்டில் ஒரு டாரஸ் லாரி ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டும். "கெடுத்தான் பாவி" என்று மறுபடி நாற்பதிலிருந்து ஆரம்பிப்பார். கொள்ளிடம் பாலத்தில் ரோடு நேராக இருக்கிறதே என்றால் அங்கே ஒவ்வொரு இணைப்பிலும் டக்கு டக்கென்று டயர் குதிக்கும். கடைசியில் அவர் கண்டுபிடித்த இடம் கரைவெட்டி ஏரி. 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சரணாலயம். வரித்தலை வாத்து பார்க்கலாம் என்று பிள்ளைகளை ஆசை காட்டி அழைத்துப்போனார். கரையில் வண்டியை நிறுத்தி, அந்த நிசப்தத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து, "இப்பக் கேக்குதா?" என்றார். எங்களில் யாரும் பதில் சொல்வதற்குள் ஏரியிலிருந்த பறவைகள் மொத்தமாக எழும்பிவிட்டன. அவருக்கு வாய்த்த ஒரே நடுநிலைச் சாட்சி அவைதான்.

வைத்தியம் பார்க்காதவர் என்று சொல்ல முடியாது. அவர் பார்த்த வைத்தியத்தில் புது நோய்தான் வந்தது. சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் அறுந்ததும் பழைய லாரி டயரில் விரல் நீளத்துக்குத் துண்டு வெட்டி, இரண்டு ஓட்டை போட்டு, போல்ட்டுக்கு வாஷர் கிடைக்காமல் கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்தார். டயர்த் துண்டில் நைலான் நூல் பிதுங்கிக்கொண்டு நிற்கும். ஆட வேண்டிய ரப்பர் ஆடாமல் விறைத்து நின்றதில், அதிர்வெல்லாம் நேரே தகட்டுக்கு ஏறியது. சைலன்சரின் வயிற்றில் கம்பெனிக்காரனே ஒரு சின்ன ஓட்டை விட்டிருந்தான். பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும், அது வடிவதற்கான ஓட்டை. "சத்தம் இது வழியாத்தாண்டா வருது" என்று கேஸ் வெல்டிங் வைத்து அடைத்தார். தண்ணீர் உள்ளேயே தங்கி, துருவேறி, ஒருநாள் ஏலாக்குறிச்சி ரோட்டில் சைலன்சரின் அடிப்பாகம் மட்டும் தனியாக இறங்கிக்கொண்டது.

மெத்தென்ற பொருள் கீச்சுச் சத்தத்தைத்தான் உறிஞ்சும், அடித்தொண்டை முனகலை ஒன்றும் செய்யாது என்று பாடம் நடத்துகிறவர், கார்ப்பெட்டுக்கு அடியில் மூன்று அடுக்கு நெல் சாக்கு விரித்தார். அந்த வருஷ ஐப்பசி மழையில் தரைத்தகடு ஒழுகியது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நாற்று விட்டிருந்தது. சாக்கை எடுத்துவிட்டுத் தார் ஷீட் ஒட்டினார். அது உண்மையிலேயே கொஞ்சம் கேட்டது. தகடு கனமானதும் ஆட்டம் குறைந்தது. ஆனால் சித்திரை வெயிலில் காருக்குள் புது ரோடு போடுகிற வாசனை.

இவ்வளவுக்கும் வண்டியைக் குறை சொல்ல விடமாட்டார். உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு அம்பாசிடர் நின்றுபோனது. மூன்று வருஷம் கழித்துப் பிரெஞ்சுக் கம்பெனி பெஜோ அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அன்றிலிருந்து, "பேருக்கே எம்பது கோடி. எங்கிட்ட வண்டியே இருக்கு" என்பதுதான் வாழ்க்கைத் தத்துவம். ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனபோதும் முகம் சுளிக்காமல் கட்டினார்.

திருமழபாடி நந்தி கல்யாணத்துக்குப் போனதையும் சொல்லிவிடுகிறேன். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். அத்தை பெண்ணுக்கு வரன் தகையவில்லை என்று பங்குனியில் புறப்பட்டோம். பக்கத்து ஊர்தான், நடந்தே போயிருக்கலாம். இரண்டு இடத்தில் நிறுத்தி, ஒரு இடத்தில் அடியில் படுத்து, அவர் எழுந்து வந்தபோது மாலை மாற்றி முடித்து நந்தியெம்பெருமான் ஊர்வலம் கிளம்பிவிட்டார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பிந்தித்தான் நடந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான் இன்னமும் சொல்கிறார்.

திட்டிக்கொண்டே போகவும் மனசு வரவில்லை. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதற்கு முன்னால் நடுராத்திரியில் யாருக்கு வலி எடுத்தாலும், யாரைப் பாம்பு கடித்தாலும், தட்டுகிற கதவு அவருடையதுதான். லுங்கியோடு வண்டியை எடுத்து, பாலத்தைத் தாண்டித் தஞ்சாவூர் மெடிக்கலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பெட்ரோல் காசு கேட்டதில்லை. அப்போதும் எஞ்சின் முனகியிருக்கும். உள்ளே எட்டு பேர் அழுதுகொண்டும் பேசிக்கொண்டும் இருந்ததில் அவர் காதுக்கு எட்டவில்லை. இப்போது ஊரில் பாதி வீட்டில் கார் நிற்கிறது. இவர் காரில் இவரும் பெரியம்மாவும்தான். கேட்கத்தான் செய்யும்.

ஆனால் பின்சீட்டில் உட்காரும் பெரியம்மா ஒரு வருஷமாகச் சொல்வது மட்டும் அந்தக் காதில் ஏறவில்லை. "என்னங்க, இதுல ஏறுனாலே தல வலிக்குது. வயித்தப் பொரட்டுது." அதற்கு அவர் பதில், "வெறும் வயித்தோட ஏறுனா அப்புடித்தான்."

அப்படி இல்லை பெரியப்பா. முன்குழாயும் சைலன்சரும் சேருகிற இடத்தில் புகை கசிகிறது. தரைத்தகட்டில் துரு ஓட்டை. டிக்கி ரப்பர் போய்ப் பல காலம் ஆகிறது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ஐம்பத்திரெண்டில் முனகவும் செய்யாது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்றுதான் ஆரம்பிக்கும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மழையில் போகிற அன்றைக்கு என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெக்கானிக் சொன்னதும் இதைத்தான். புதுக் குழாய், ஒரு கிளாம்ப், நல்லதாக இரண்டு எஞ்சின் மவுண்டிங், தரைத்தகட்டுக்கு ஒரு ஒட்டு, டிக்கிக்கு ரப்பர். ஒரு நாள் வேலை, முனகலும் பாதிக்கு மேல் அடங்கிவிடும். அடங்கிவிட்டால் யாரிடம் என்ன கேட்பது என்பது உங்கள் கவலையாக இருக்கலாம். வேலையை முடித்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள், வந்து கேட்கிறேன், எத்தனை தடவை வேண்டுமானாலும். அதுவரைக்கும் பெரியம்மா பஸ்ஸில்தான் வருவார். அரசு டவுன் பஸ்ஸில் அவருக்கு டிக்கெட்டும் கிடையாது.