ஸ்தாவரமும் ஜங்கமமும்

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்து, தென்காசிக் கடைத்தெருவில் நிற்பவன் முகத்திலும் சாரல் தெறிக்கிற அந்த மூன்று மாதமும், குற்றாலத்துக்குப் போய் அருவியில் நின்றுவிட்டு ஈரத்தலையோடு வீடு திரும்புவதில் திருப்தியடையாமல், அந்தப் பக்கத்திலேயே ஒரு சிறு ஜாகை வேண்டும் என்ற ஆசை, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு விபரீதமாக வளர்ந்தது. கொத்தனார், சித்தாள், மணல், செங்கல் முதலிய பந்தங்களுக்கு அஞ்சி, தூத்துக்குடியில் கப்பல் வாழ்வை முடித்துக்கொண்ட கண்டெய்னர் பெட்டி ஒன்றை வாங்கி, ஜன்னல் வெட்டி, உள்ளே பலகை அடித்து, லாரியில் கொண்டுவந்து என் மனையில் இறக்கிவிடுவதென்று தீர்மானித்தேன். நீளம் 20 அடி, அகலம் 8 அடி.

பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தில் பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் ஆகியவற்றோடு வரைபடத்தையும் நீட்டினேன். எழுத்தர் அதை நேராகவும் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, “அஸ்திவாரம் எங்க அண்ணாச்சி?” என்றார். நாலு மூலையிலும் கான்கிரீட் கட்டை, அதன்மேல் பெட்டி உட்காரும் என்றேன்.

“அப்ப நாளைக்கே தூக்கிட்டுப் போயிரலாமோ?”

“போகலாம்.”

“அப்படின்னா இது வீடு இல்ல, சாமான்.”

சாமானுக்கு அனுமதி எதற்கு என்று நான் சந்தோஷத்தோடு எழுந்தபோது, அடுத்த மேஜைக்காரர் தலை நிமிராமலே, “உள்ள ஆள் படுப்பாங்களா?” என்று கேட்டு என்னை மறுபடி உட்காரவைத்தார்.

பழைய பத்திரங்களில் சொத்தை, அசையாதது ஸ்தாவரம், அசைவது ஜங்கமம் என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். என் பெட்டி எந்த ஜாதி என்ற விவகாரத்தைத் தீர்த்தவர், படம் வரைந்து கொடுத்த பொறியாளத் தம்பி. 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தைப் பிரித்துக் காட்டினார். சக்கரத்தின்மேல் நிற்பதும் கட்டடம். அஸ்திவாரமின்றித் தரையில் சும்மா கிடப்பதும் கட்டடம். மனிதன் குடியிருந்தால் கப்பலும் படகும் கூடாரமும்கூடக் கட்டடம் என்று வியாக்கியானம் செய்திருக்கிற அந்த மகானுபாவர்கள், அருவியில் நிற்கிற ஆளைத் தவிர வேறெதையும் விட்டுவைக்கவில்லை.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் உடனே அனுமதி கிடைக்குமே என்றார் ஒரு நண்பர். 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவருக்கு அது கிடைக்கும். என் மனையோ 12 சென்ட், ஐயாயிரம் சதுர அடிக்கு மேல். இவ்வளவு நிலத்தை வைத்துக்கொண்டு 160 சதுர அடியில் முடங்க நினைக்கும் அற்பனுக்கு அதில் இடமில்லை; பழையபடி அந்த அலுவலகமே கதி.

1446-இல் தென்காசிக் கோயிலைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதைக் காப்பவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று கல்லில் வெட்டிவைத்தான். அரசனே பிறவாதவர்களை வணங்கியிருக்க, பிறந்து எதிரே உட்கார்ந்திருப்பவரை வணங்குவதில் எனக்கு லஜ்ஜை இல்லை. ஆகவே செவ்வாய்தோறும் போய் வணங்கி வருகிறேன். பெட்டி தூத்துக்குடியில் அசையாமல் இருக்கிறது, கோப்பும் அப்படியே, இந்த விவகாரத்தில் ஜங்கமம் நான் ஒருவனே.

இந்த வருஷத்துச் சாரல் முடிந்துவிட்டது. மனையில் நாலு கான்கிரீட் கட்டைகள் தயாராக நிற்கின்றன. அவற்றின்மேல் குற்றாலத்துக் குரங்குகள் கட்டைக்கொன்றாக உட்கார்ந்து பேன் பார்க்கின்றன. அனுமதிக்கு முன்பே அவற்றை வார்த்துவிட்டேன் என்பதை வாசகர்கள் தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம்.