கோம்பைக் குட்டிக்குப் பாடம்

கேள்வி: ஏலத்தோட்டக் காவலுக்குக் கோம்பை நாய்க்குட்டி வளர்க்கிறோம். வருகிறவர்களின் கால்களையெல்லாம் கடிக்கிறது. இரண்டு அடி போட்டால் திருந்துமா? (வாசகர், போடிநாயக்கனூர்)

பதில்: நாய் வாலைத்தான் நிமிர்த்த முடியாது, வாயைத் திருத்தலாம். ஆனால் அடி அதற்கு உதவாது. உங்கள் கையைக் கண்டு மிரளத்தான் கற்றுக்கொடுக்கும். பால்பல் விழும் பருவத்தில் குட்டி எதையும் கடிக்கும். பல் பட்டதும் விளையாட்டை நிறுத்தி விலகுங்கள். கடிக்க ஒரு முறுக்குக் கயிறு கொடுங்கள். உட்கார்ந்த பிறகே சோற்றுத் தட்டை வையுங்கள். 'சாதுவாக்கினால் காவல் போய்விடுமே' என்பீர்கள். போகாது. பிறந்து 3 முதல் 14 வாரத்துக்குள் பார்த்துப் பழகியதைத்தான் நாய் அச்சமின்றி ஏற்கும். போடிமெட்டு ஏறும் ஜீப்பையும் காய் எடுக்க வரும் பெண்களையும் அந்த வயதில் பார்த்துப் பழகிய நாய், அந்நியனைக் கண்டு குரைக்கும். பழகாதது வேலைக்கு வருகிறவரையும் திருடனையும் சேர்த்தே கடிக்கும். மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.