சாணி கரைத்த காலம்

எண்பதுகளில், திருவாரூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் குப்பைத்தொட்டி கிடையாது. நாகரிகம் போதவில்லை. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாம் கழுநீர்ப் பானைக்குப் போகும், அங்கிருந்து மாட்டுக்கு. சாப்பிட்ட இலையும் மாட்டுக்குத்தான். மாடு பாலும் சாணியும் தரும்.

சாணியில்தான் இழுபறி. வறட்டி தட்டினால் அடுப்பு எரியும், வயலுக்கான தழைச்சத்து புகையோடு போய்விடும். எருக்குழியில் போட்டால் வயல் பிழைக்கும், அடுப்புக்கு விறகு தேட வேண்டும். இரண்டுக்கும் வழி என்று 1981-82இல் மத்திய அரசு சாண எரிவாயுத் திட்டத்தை நாடெங்கும் மானியத்தோடு தொடங்கியது. அப்பாவும் கொல்லையில் ஒரு கலன் கட்டினார்.

இரண்டு கன மீட்டர் கலனுக்குத் தினமும் சுமார் 50 கிலோ சாணி வேண்டும். நாலைந்து மாடு இருந்தால்தான் கட்டுபடியாகும். சாணிக்குச் சமமாகத் தண்ணீர் ஊற்றி, வைக்கோல் துணுக்கைப் பொறுக்கிப் போட்டு, கட்டி தட்டாமல் கையால் கரைக்க வேண்டும். கட்டியது அப்பா, கரைத்தது அம்மா. ராத்திரி சேர்ந்த வாயுவில் விடியும்போது கலனின் இரும்பு மூடி உயர்ந்து நிற்கும். சமையல் முடிவதற்குள் இறங்கிவிடும். குழாயில் நீர் கோத்துக்கொண்டால் நீலச் சுடர் இருமும். வெளியே வழியும் கரைசலில் நாற்றம் அடங்கியிருக்கும், தழைச்சத்து போயிருக்காது. நேரே வாழைக்குப் பாயும். வறட்டிப் புகையிலேயே ஆயுசைக் கழித்த பாட்டி மட்டும், "சாணி கேஸ்ல போட்ட காப்பி எனக்கு வேணாம்டி" என்று சொல்லிவிட்டாள்.

டிராக்டர் வந்தது, மாடுகள் போயின, சிலிண்டர் வந்தது. இரும்பு மூடி காயலான் கடைக்குப் போனது.

இப்போது சென்னையில் அரிசி களைந்த தண்ணீரைக் கொரியா மகிமையோடு ஷாம்பு பாட்டிலில் வாங்குகிறோம். வறட்டி இணையத்தில் கிடைக்கிறது. மொட்டைமாடித் தக்காளிக்கு மண்புழு உரம் பாக்கெட்டில் வருகிறது. 2018இல் அரசு ஒரு திட்டத்துக்கு 'கோபர்தன்' என்று பெயர் சூட்டிச் சாணியிடம் திரும்பிவிட்டது. கேலிக்குச் சொல்லவில்லை, மாட்டுப்பண்ணை, விடுதிச் சமையற்கூடம், காய்கறிச் சந்தை என்று கழிவு ஒரே இடத்தில் குவிந்தால் கலன் நன்றாகவே ஓடும்.

போன மாதம் எங்கள் அடுக்ககச் சங்கத்திலும் ஒருவர் உணவு, கழிவு, வாயு, உரம் என்று திரையில் அம்புக்குறி போட்டு விளக்கினார். பலத்த கைதட்டல். "பிளாஸ்டிக்கைத் தினம் யார் சார் பொறுக்குவாங்க?" என்று பின்வரிசை அம்மா ஒருவர் கேட்டார். அதற்கு அம்புக்குறி இல்லை.

உங்கள் சங்கத்திலும் இந்தப் படம் ஓடும். கை தூக்குமுன், கரைக்கப்போவது யார், சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். சம்பளமில்லாத அம்மாவை நம்பி இனி எந்தக் கலனும் ஓடாது.