எம்.இ. விண்ணப்பம்: நிரப்பும் முறை

மேலநீலிதநல்லூர் வட்டாரத்தில் பி.இ. சிவில் முடித்துவிட்டு எம்.இ.க்கு மனுப் போடக் காத்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காகப் படிவத்தை நிரப்பும் முறை கட்டம் கட்டமாகக் கீழே தரப்படுகிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் வாங்குகிறவர்கள் இனிமேல்தான் வருவார்கள்.

கட்டம் 1: முகவரி

மாவட்டம் தென்காசி என்று எழுது. 2019 நவம்பருக்கு முன்னால் வாங்கிய சான்றிதழில் திருநெல்வேலி என்றிருக்கும். சரிபார்க்கும் மேசையில் இருப்பவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உன்னை ஏற இறங்கப் பார்ப்பார். மாவட்டத்தைப் பிரித்தது நீ இல்லை என்று விளக்கப் போகாதே. இன்னொரு சான்றிதழ் கேட்பார்.

கட்டம் 2: நுழைவுத் தேர்வு

இரண்டு வழி உண்டு. ஒன்று கேட். பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் ஏழு ஐ.ஐ.டி.க்களும் முறை வைத்து நடத்துவது. 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். வாங்கிய மதிப்பெண் 3 ஆண்டுக்குச் செல்லும். நல்ல மதிப்பெண்ணோடு அனுமதி பெற்ற இடத்தில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. சங்கரன்கோவிலில் ஒரு கொத்தனார் இரண்டு வாரத்தில் பார்க்கிற காசு. 2023இல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆக்கினார்கள். எம்.டெக். படிப்பவனின் 12,400 மட்டும் நட்ட கல்லாக அதே இடத்தில் நின்றது. கம்பி விலை, சிமெண்ட் விலை, மெஸ் பில் எல்லாம் ஏறலாம். கட்டடம் கட்டப் படிப்பவனின் வயிறு ஏறக்கூடாது என்பது தேசத்தின் கொள்கை.

இன்னொன்று அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா. முன்பு டான்செட் என்று எழுதினார்களே, அதிலிருந்து எம்.இ.யைப் பிரித்து 2023 முதல் தனியாக நடத்துகிறார்கள். இதன் வழியே போனால் அந்த 12,400ம் இல்லை. பெயர் மாறியது, பெற்றோர் நகை மறுபடி அடகுக் கடைக்குப் போவது மாறவில்லை.

கட்டம் 3: சலுகை

2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டியது. நல்ல காரியம்; கைதட்டினோம். அந்த முதல் அணி 2025இல் பட்டம் வாங்கி வெளியே வந்தது. முதுகலை வாசலுக்கு வந்து பார்த்தால் ஒதுக்கீட்டையும் காணோம், கட்டிய கையையும் காணோம். முதல் பட்டதாரிச் சலுகையும் இளங்கலையோடு சரி. உன் வீட்டில் முதல் முதுகலைப் பட்டதாரியும் நீதானே என்று கேட்டுவிடாதே. படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

கட்டம் 4: பரிந்துரைக் கடிதம்

வெளிநாட்டுக்கு மனுப் போடுகிறவர்களுக்கு இது இரண்டு மூன்று வேண்டும். பேராசிரியரிடம் போய்க் கேள். “நீயே எழுதிக் கொண்டாடே, கையெழுத்துப் போட்டுத் தாரேன்” என்பார். நீயே உன்னைப் புகழ்ந்து எழுதிக்கொள். “இவரை நான்காண்டுகளாக நன்கு அறிவேன்” என்ற வரியை மட்டும் யோசித்து எழுது. எந்தக் கல்லூரியில் வைத்து அறிந்தார் என்று யாராவது கேட்டால் சிக்கல்.

காரணம் இருக்கிறது. ஒரே ஆசிரியர் பெயரைப் பல பொறியியல் கல்லூரிகள் தம் ஊழியராகக் கணக்குக் காட்டியதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. பிறகு அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரே சொன்னார்: 189 பேர் சுமார் 2,000 ஆசிரியர் இடங்களை நிரப்பியிருக்கிறார்கள். உனக்குத் தக்க காரணமின்றி வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஒரே நாளில் பத்து ஊரில் பாடம் நடத்தும் சித்தர்களுக்கு ஒரு விழுக்காடும் தேவையில்லை. எம்.இ. படித்தால் ஆசிரியர் ஆகலாம் என்று உன் அப்பாவுக்கு யாரோ சொன்னார்களே, அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒரு பெயர் உட்கார்ந்திருக்கிறது. ஆள்தான் இல்லை.

கட்டம் 5: ஆய்வக அனுபவம்

கம்பியை இழுத்து அறுக்கும் யூ.டி.எம். இயந்திரம் உங்கள் கல்லூரியிலும் இருந்திருக்கும். ஆய்வுக்குழு வரும் நாளில் ஓடியிருக்கும். மற்ற நாளில் உறை போர்த்திப் பத்திரமாகத் தூங்கியிருக்கும். மண் பரிசோதனையை ரெக்கார்டு நோட்டில் அண்ணன்மாரைப் பார்த்து எழுதியிருப்பாய். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே பஸ் ஏறினால் ஜன்னலோரம் முழுக்கக் கரிசல். மழைக்கு உப்பி, வெயிலுக்குப் பாளம் பாளமாகப் பிளந்து, வீட்டுச் சுவரைக் கோணல்மாணலாக வெடிக்க வைக்கிற மண். அடியில் குமிழ் விட்ட பைல் போட்டு அதை அடக்கும் முறையை ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிக் கொடுத்தது. கரிசலில் பிறந்தவன் கரிசலைப் புத்தகப் படத்தில் படித்துப் பரீட்சை எழுதினான். இதுதான் நம் சிவில் படிப்பின் அஸ்திவாரம்.

கட்டம் 6: நோக்க அறிக்கை

“சிறு வயதிலிருந்தே எனக்குப் பாலங்கள் மீது தீராக் காதல்” என்று தொடங்கு. எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். வேலை கிடைக்கவில்லை, வீட்டில் சும்மா இருந்தால் ஊர் பேசுகிறது என்ற உண்மையை எழுதாதே. உண்மைக்கு மதிப்பெண் இல்லை.

பாலம் என்றதும் ஞாபகம் வருகிறது. திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய பாலத்தை 2024 செப்டம்பரில் திறந்தார்கள். டிசம்பரில் ஆறு கொண்டுபோனது. எதிர்பார்த்ததைவிட அதிக வெள்ளம் வந்துவிட்டது என்றார்கள். எவ்வளவு வெள்ளம் வரும் என்று எதிர்பார்ப்பதற்குத்தானே ஐயா நீரியல் என்று ஒரு பாடம்? விழுப்புரம் மாவட்டம் தளவானூரில் 25 கோடி ரூபாய்த் தடுப்பணை 2020இல் திறந்து 2021 ஜனவரியில் உடைந்தது. 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் 11 மாடி சரிந்து 61 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் பிழைப்புக்கு வந்த கூலிக்காரர்கள். இந்த வேலைகளுக்கெல்லாம் வரைபடம் இருந்தது, ஒப்புதல் இருந்தது, பட்டம் பெற்றவர்களின் கையெழுத்தும் இருந்தது. அவர்களிடம் எவரும் நோக்க அறிக்கை கேட்கவில்லை.

கட்டம் 7: எதிர்காலத் திட்டம்

அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் உதவிப் பொறியாளர் வேலைக்கு பி.இ. போதும். எம்.இ. முடித்தும் அதே தேர்வைத்தான் எழுதப் போகிறாய், இரண்டு வயது கூடி. 2019 தொடக்கத்தில் சட்டமன்றச் செயலகத்தில் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுப் போட்டார்கள். அதில் எம்.டெக். படித்தவர்களும் இருந்தார்கள். துப்புரவு வேலையில் இழிவில்லை. ஒரு பிள்ளையிடம் ஆறு வருடக் கட்டணத்தை வசூல் செய்து, படிப்புக்கேற்ற ஒரு வேலையைக் காட்ட வக்கில்லாமல் அந்த வரிசையில் நிறுத்தியதுதான் இழிவு. நிறுத்தியவர்கள் அதே கோட்டைக்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

கட்டம் 8: உறுதிமொழி

“மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை. பொய்யென்று தெரிந்தால் என் சேர்க்கையை ரத்து செய்யலாம்.” இதில் கையெழுத்துப் போடாமல் உன் மனு நகராது. இல்லாத ஆசிரியரைக் காட்டி அனுமதி வாங்கிய கல்லூரியும் இப்படித்தான் கையெழுத்துப் போட்டது. உனக்கு ரத்து, அவர்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ்.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் கல்லூரிக்கு நேரில் போ. எம்.இ. வகுப்பு நடக்கும் அறையைக் காட்டச் சொல். இணையதளத்தில் போட்டிருக்கும் ஆசிரியர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும் என்று கேள். யூ.டி.எம்.மை ஓட்டிக் காட்டச் சொல். மழுப்பினால் வெளியே வந்துவிடு. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, அந்தக் கல்லூரிக்கு எதைப் பார்த்து அங்கீகாரம் கொடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு எழுது. முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். எம்.இ. விண்ணப்பம் போடுகிற எல்லாரும் முதலில் இந்த விண்ணப்பத்தைப் போடுங்கள்.