பருவுக்கு ஒரு பட்டாளம்

முகத்தில் ஒரு பரு முளைத்தால் போதும், வீட்டில் தோல் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. அத்தை எலுமிச்சைச் சாறு என்பார். அண்ணன் பற்பசை என்பான். பல்லை விளக்குவது முகத்தை விளக்காதா என்ன!

ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பியை முடுக்குகிறது, இறந்த செல்கள் துளையை அடைக்கின்றன, பாக்டீரியா பெருகுகிறது என்று படித்தவர்கள் ஏதேதோ சொல்வார்கள். பக்கத்து வீட்டு மாமியின் அனுபவம் அவர்களுக்கு ஏது?

விவரமானவர்கள் மருந்துக்கடையில் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த 'சிவப்பழகு' கிரீம் வாங்குவார்கள். ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென 2018இல் மத்திய அரசு சொன்னது. சீட்டு எதற்கு, முகத்தைக் காட்டினால் போதாதா? சில மாதத்தில் அதே கிரீம் புதுப் பருக்களை வாரி வழங்கும். நன்றி மறவாத வாடிக்கையாளர் இன்னொரு ட்யூப் வாங்குவார்.

பருவுக்கான மருந்துகளான பென்சாயில் பெராக்சைடோ அடாபலீனோ பலன் தரப் பல வாரங்கள் ஆகும். கல்யாணமோ வெள்ளிக்கிழமை.