என் விருப்பம், தங்கள் சித்தம்

பெருமதிப்பிற்குரிய ஓய்வூதிய முதலீட்டுக் குழுவினருக்கு,

நான் நலம். தங்கள் நலத்தை ஆண்டறிக்கையில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

‘உங்கள் 401(கே) திட்டத்தில் உற்சாகமூட்டும் மாற்றங்கள்’ என்ற தலைப்பில், நம் ஓய்வூதியச் சேமிப்புத் திட்டம் பற்றிய தங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்தது. அட்டையில் தலைநரைத்த தம்பதி பாய்மரப் படகில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அவர்கள் நிச்சயம் நம் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் இல்லை. உள்ளே 38 பக்கம். எல்லாம் ஆங்கிலம்தான், ஆனால் நான் இந்த நாட்டில் இத்தனை வருடம் பேசிப் பிழைக்கிற ஆங்கிலம் அல்ல. எனக்கு விளங்காத மொழியில் தாங்கள் எழுதியதால், தங்களுக்கு விளங்காத மொழியில் நான் எழுதுகிறேன். கணக்கு நேராகிவிட்டது.

இதுவரை 27 நிதிகள் இருந்தன. இனி 14. ‘தேர்வை எளிமையாக்கியிருக்கிறோம்’ என்கிறீர்கள். இதில் எனக்குச் சண்டை இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஷீனா ஐயங்காரும் அவர் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, பட்டியலில் பத்துப் பத்து நிதியாகக் கூடக்கூட, திட்டத்தில் சேர்கிற ஊழியர்கள் 1.5 முதல் 2 சதவீதம் வரை குறைகிறார்கள் என்றது. நீளமான பட்டியலைப் பார்த்தால் மனிதன் மிரண்டு ஓடிவிடுகிறான். ஆகவே 13 நிதிகளைக் கழித்தது நல்ல காரியம். எந்த 13 என்பதில்தான் தங்கள் பெருந்தன்மை தெரிகிறது.

நான் பணம் போட்டுவந்த எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்டின் செலவு விகிதம் ஆண்டுக்கு 0.03 சதவீதம். அது போய்விட்டது. அதன் இடத்துக்கு ஒரு ‘லார்ஜ் கேப் ஈக்விட்டி டிரஸ்ட்’ வந்திருக்கிறது, இதற்கு 0.41 சதவீதம். ஒரு லட்சம் டாலர் வைத்திருப்பவன் வருடத்துக்கு 30 டாலர் கொடுத்தான், இனி 410 கொடுப்பான். இந்த விவரம் 31ஆம் பக்கத்தில், அட்டவணையின் கடைசிப் பத்தியில், சாம்பல் நிற எழுத்தில் இருக்கிறது. படகுத் தம்பதிக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியைக் கொடுத்திருந்தால் கண்ணாடி போடாமலே படித்திருப்பேன். புதிய நிதி கலெக்டிவ் டிரஸ்ட் வகை என்பதால் டிக்கர் என்ற சந்தைக் குறியீடும் கிடையாது. அதன் பூர்வோத்தரம் தெரிய வேண்டுமானால் தங்கள் இணையதளத்தில் தாங்கள் காட்டுவதைத்தான் பார்க்க வேண்டும்.

‘அரை சதவீதம்கூட இல்லையே’ என்று தங்கள் உதவி எண்ணில் பேசிய தம்பி அன்பாகச் சொன்னார். அமெரிக்கத் தொழிலாளர் துறை இதற்கென்றே ஒரு கையேடு போட்டிருக்கிறது. 25,000 டாலர், 35 வருடம், ஆண்டுக்கு 7 சதவீத வருமானம், புதிதாக ஒரு சல்லி போடுவதில்லை. செலவு 0.5 சதவீதம் என்றால் கடைசியில் கையில் 2,27,000 டாலர். 1.5 சதவீதம் என்றால் 1,63,000. ஒரே ஒரு சதவீதம், 28 சதவீதப் பணத்தைத் தின்றுவிடுகிறது. தம்பியிடம் இதைச் சொன்னேன். ‘வேறு ஏதாவது உதவி தேவையா?’ என்றார்.

பழைய நிதியில் இருக்கும் பணத்தைப் புதியதற்கு மாற்றுவதற்குத் தாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘மேப்பிங்’. இரண்டும் குணத்திலும் ரிஸ்க்கிலும் ஒத்துப்போகுமாம். எங்கள் ஊரில் பெண்ணுக்கும் பையனுக்கும் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். தங்கள் ஜோசியர் பெயர்ப் பொருத்தம் ஒன்றோடு எழுந்துவிட்டார். இரண்டிலும் ‘லார்ஜ் கேப்’ இருக்கிறது, முடிந்தது கல்யாணம். சந்தையை அப்படியே பின்தொடரும் நிதியும், பங்குகளைப் பொறுக்கியெடுத்துச் சந்தையை ஜெயிக்கப் பார்க்கும் நிதியும் எந்த விதத்தில் ஒரே குணம் என்று 38 பக்கத்திலும் தேடினேன்.

எதுவும் சொல்லாமல் இருந்தால் இந்த மேப்பிங். எதுவுமே தேர்ந்தெடுக்காமல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, ஓய்வுபெறும் வருடத்தை வைத்து அமைத்த டார்கெட் டேட் ஃபண்ட். 2006ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இப்படித் தானாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெருகியது. மோசமில்லை, ஒன்றும் செய்யாமல் பணத்தை ரொக்கமாகக் கிடக்கவிடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் 1980இல் பிறந்த எனக்கு 2045 நிதிதான் பொருத்தம் என்று தங்கள் மென்பொருள் அடம் பிடிக்கிறது. அதற்கு என் பிறந்த வருடம் மட்டும்தான் தெரியும். கிரீன் கார்டு வரிசையில் நான் எங்கே நிற்கிறேன், மேடவாக்கம் ஃபிளாட்டுக்கு இன்னும் எத்தனை தவணை, பையன் கல்லூரி முடித்ததும் ஊர்ப்பக்கம் போய்விடலாம் என்று மனைவி சொல்லிக்கொண்டிருப்பது, போனபின் ஐம்பத்தொன்பதரை வயதுக்குமுன் பணத்தில் கை வைத்தால் பொதுவாக 10 சதவீத அபராதம் என்பது, எதுவும் அதற்குத் தெரியாது. நான் 65 வயதில் இதே நாட்டில், ஒருவேளை அதே படகில், ஓய்வுபெறுவேன் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

கணக்கு நிர்வாக நிறுவனத்தையும் சேர்த்தே மாற்றுவதால் நவம்பர் நடுவிலிருந்து ஏறத்தாழ மூன்று வாரம் ‘பிளாக்அவுட்’. பணத்தைப் பார்க்கலாம், தொட முடியாது. இதை முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி சொல்லியிருப்பேன், சட்டம் சொல்லச் சொல்லியிருக்காவிட்டால். 2001இல் என்ரான் தன் திட்டத்தின் நிர்வாக நிறுவனத்தை மாற்றியபோது, கம்பெனிப் பங்கு சரிந்துகொண்டிருந்த வாரங்களில் ஊழியர்களின் கணக்குகள் பூட்டிக் கிடந்தன. அவர்களின் 401(கே) பணத்தில் பாதிக்கும் மேல் அந்தப் பங்கில்தான் இருந்தது. டிசம்பரில் கம்பெனி திவால். அடுத்த ஆண்டு வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், பிளாக்அவுட்டுக்கு 30 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது. அவர்கள் இழந்த பணத்தில் எங்களுக்கு ஒரு நோட்டீஸ் கிடைத்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இரண்டாம் பக்கத்து வாக்கியம்: ‘தேர்வு உங்கள் கையில்.’ இதன் ருசி ஓய்வூதியத் திட்டங்களுக்கான மூலச் சட்டத்தின் 404(சி) பிரிவைப் படித்த பிறகுதான் நாக்கில் பட்டது. போதுமான வகை நிதிகளைக் காட்டி, உரிய விவரங்களைக் கொடுத்து, ஊழியன் தானே தேர்ந்தெடுத்தால், அந்தத் தேர்வினால் வரும் நட்டத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல. அவன் தேர்ந்தெடுக்காமல் தாங்களாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாலும், விதிப்படி நோட்டீஸ் கொடுத்திருந்தால், அதற்கும் சட்டத்தில் தங்களுக்கு நிழல் உண்டு. கையை அசைத்தாலும் என் தலை, அசைக்காவிட்டாலும் என் தலை. பட்டியலைப் போட்டது தாங்கள், இண்டெக்ஸ் ஃபண்டைத் தூக்கியது தாங்கள், பூட்டும் தேதியைக் குறித்தது தாங்கள். மிச்சமிருக்கும் பழியை மட்டும் ‘விருப்பம்’ என்று பெயரிட்டு என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

அடுத்த முறை பட்டியலைத் திருத்தும்போது வெறும் பங்கு, பத்திரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஆகஸ்ட் 2025இல் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை, பிரைவேட் ஈக்விட்டி, கிரிப்டோ போன்றவற்றை 401(கே)க்குள் கொண்டுவர வழி பார்க்கச் சொல்கிறது. விலை என்னவென்று தினமும் தெரியாத சரக்கைத் தங்கள் அட்டவணையில் அந்தச் சாம்பல் எழுத்தில் காண ஆவலாக இருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் பாக்கி. 404(சி) கொடுக்கும் நிழல் பட்டியலைத் தயாரிக்கும் வேலைவரை நீளாது. கலிபோர்னியாவின் எடிசன் கம்பெனி, அதே நிதியின் மலிவான வகை இருக்கும்போது சில்லறை முதலீட்டாளருக்கான விலைகூடிய வகையை ஊழியர்களுக்குக் கொடுத்தது. டிபிள் என்பவர் பெயரில் நடந்த அந்த வழக்கில், நிதிகளைத் தேர்ந்தெடுத்ததோடு கடமை முடியாது, தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

ஆகவே இதனுடன் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் இணைத்திருக்கிறேன். அதைத் தங்கள் வக்கீல் படிப்பார். திட்டத்தின் ஆவணங்களையும் கடைசியாகத் தாக்கல் செய்த ஃபார்ம் 5500 ஆண்டறிக்கையையும் கேட்டிருக்கிறேன். எங்கள் பணத்திலிருந்து யார் யாருக்கு எவ்வளவு போகிறது, புதிய டிரஸ்ட்டின் கட்டணத்தில் கணக்கு நிர்வாக நிறுவனத்துக்கு ஏதாவது பங்கு உண்டா என்று பார்க்க ஆசை. எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நீதிமன்றம் நாளொன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். அனுப்புவதும் அனுப்பாததும் முழுக்க முழுக்கத் தங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கள் திட்டத்தின் பங்கேற்பாளன்,
நியூஜெர்சி